சமைக்கும்போது அடிக்கடி கை கழுவுகிறீர்களா? வறண்டு வெடிக்கும் கைகளைக் காப்பாற்றுவது எப்படி?

வெங்காயம் நறுக்கியதும் ஒருமுறை. சிக்கன் கழுவியதும் ஒருமுறை. நடுவில் போன் அடித்தால் எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை, பேசி முடித்ததும் இன்னொருமுறை. மிக்ஸி ஜாரை அலசினால், குப்பைக் கூடையைத் தொட்டால், மறுபடியும் சிங்க்தான். ஒரு குழம்பு, ஒரு பொரியல், நாலு சப்பாத்தி செய்து முடிப்பதற்குள் எத்தனை முறை கை கழுவுகிறீர்கள் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

பெங்களூரு, ஹைதராபாத், புனே, குருகிராம் என்று வேலை கிடைத்த ஊரில் தனியாகவோ நண்பர்களோடோ வீடு எடுத்துத் தங்கி, நீங்களே சமைத்து, நீங்களே பாத்திரம் விளக்குபவர் என்றால் இந்த அறிகுறிகள் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். விரல் முட்டிகளில் வெள்ளை வெள்ளையாகச் செதில். மோதிரத்துக்கு அடியில் அரிப்பு. ரசம் சாதம் பிசைந்தால் எரிச்சல். எலுமிச்சை பிழிந்தால் உயிரே போகிற வலி. ஆபீஸ் பயோமெட்ரிக் மெஷினில் விரல் வைத்தால் 'மீண்டும் முயற்சிக்கவும்'. இந்தக் கடைசிப் பிரச்னை நிஜமானது. விரல் நுனித் தோல் வறண்டு உரியும்போது ரேகைகள் தெளிவில்லாமல் போவதால், கைரேகை சென்சார்கள் தடுமாறும்.

"கை வறண்டால் என்ன, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடலாமா? ஆரம்பத்தில் விடலாம். ஆனால் வறட்சி வெடிப்பாக மாறிவிட்டால், அது உங்கள் கையோடு நிற்பதில்லை, நீங்கள் சமைக்கும் சாப்பாட்டையும் பாதிக்கும். எப்படி என்று பார்ப்போம்.

தண்ணீரில்தானே கை வைக்கிறோம், அப்புறம் ஏன் வறளுகிறது?

நம் தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இறந்து தட்டையான தோல் செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவில் இருக்கும் சிமென்ட், செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றால் ஆனது. உடம்பின் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் கிருமியும் ரசாயனமும் உள்ளே வராமலும் தடுப்பது இந்தச் சுவர்தான்.

சோப்பின் வேலை கொழுப்பைக் கரைத்துத் தண்ணீரோடு கொண்டுபோவது. வாணலியில் ஒட்டிய எண்ணெய் எது, உங்கள் தோலில் இருக்கும் கொழுப்பு எது என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் சுவரின் சிமென்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வெந்நீராக இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். தோல் செல்களுக்குள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் இயற்கையான பொருட்களும் தண்ணீரில் கரையக்கூடியவை. அதனால் சோப்பே இல்லாமல் வெறும் தண்ணீரில் நனைந்துகொண்டே இருந்தாலும் அவை வெளியேறிவிடும். பிறகு கையில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது, தோல் முன்பைவிட அதிகமாக வறண்டுவிடுகிறது.

இந்தச் சேதத்தைச் சரிசெய்ய தோலுக்குச் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை வேண்டும். நீங்களோ பத்து நிமிடத்தில் மறுபடியும் கழுவிவிடுகிறீர்கள். இதுதான் சிக்கல்.

புறங்கையில் தோல் மெல்லியது. உள்ளங்கையில் தோல் தடிமன் என்றாலும், அங்கே எண்ணெய் சுரப்பிகளே கிடையாது. அதனால் முகத்தைப் போல இழந்த எண்ணெயைச் சுரந்து ஈடுகட்டிக்கொள்ள உள்ளங்கையால் முடியாது.

தோல் மருத்துவத்தில் 'ஈர வேலை' என்று ஒரு வகை உண்டு. ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, சுமார் 20 முறைக்கு மேல் கை கழுவினாலோ அதை ஈர வேலை என்று சொல்வது பரவலான அளவுகோல். நர்ஸ், சலூன் ஊழியர், ஹோட்டல் சமையல்காரர், வீட்டு வேலை செய்பவர் எல்லோரும் இதில் அடங்குவார்கள். மூன்று வேளையும் வீட்டில் சமைத்துப் பாத்திரம் விளக்கும் எவரும் இந்தக் கணக்கில் எளிதாக வந்துவிடுவார்கள்.

சின்ன வயதில் கரப்பான், ஆஸ்துமா, தும்மல் அலர்ஜி இருந்தவர்களுக்கு இந்தச் சுவர் இயல்பிலேயே கொஞ்சம் பலவீனமாக இருக்கலாம். ஒரே சிங்க்கில் ஒரே சோப்பைப் பயன்படுத்தியும் உங்கள் ரூம்மேட்டுக்கு ஒன்றும் ஆகாமல், உங்களுக்கு மட்டும் கை வெடிக்கிறது என்றால் இது காரணமாக இருக்கக்கூடும்.

வெடிப்பை ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது?

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, வெடிப்பும் புண்ணும் உள்ள தோலில் சுலபமாகக் குடியேறும். அங்கிருந்து உணவுக்குப் போய், உணவு வெளியிலேயே பல மணி நேரம் இருந்தால் நச்சை உருவாக்கும். பாக்டீரியா சூட்டில் செத்துவிடும். ஆனால் அந்த நச்சு சாதாரண சமையல் சூட்டில் அழியாது. மீண்டும் சூடு பண்ணிச் சாப்பிட்டாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம்.

இன்னொரு ஆபத்து, எரிகிறதே என்று கை கழுவுவதையே தவிர்க்க ஆரம்பிப்பது. பச்சை இறைச்சியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவாமல் சாலட் வெட்டுவது, கை வறட்சியைவிடப் பெரிய பிரச்னை. எனவே கழுவுவதை நிறுத்துவது தீர்வல்ல. தேவையான இடத்தில் மட்டும், தோலுக்குக் குறைந்த சேதத்தோடு கழுவுவதே தீர்வு.

எப்போது கழுவியே ஆகணும், எப்போது தேவையில்லை?

சோப்பு போட்டுக் கழுவியே ஆக வேண்டிய நேரங்கள்:

• சமைக்க ஆரம்பிக்கும் முன்னும், சாப்பிடும் முன்னும்
• பச்சை இறைச்சி, மீன், முட்டை தொட்ட பிறகு
• கழிப்பறை போய் வந்த பிறகு, மூக்கு சிந்திய பிறகு, தும்மலைக் கையால் மறைத்த பிறகு
• குப்பை, செல்லப் பிராணி, போன் போன்றவற்றைத் தொட்டுவிட்டு மறுபடி உணவைத் தொடும் முன்

சோப்பு தேவைப்படாத நேரங்களும் நிறைய உண்டு. கழுவிய கேரட்டை நறுக்கிவிட்டு பீன்ஸ் நறுக்கப் போகிறீர்கள் என்றால் நடுவில் சோப்பு எதற்கு? அஞ்சறைப்பெட்டியில் மஞ்சள் தூள் எடுத்த விரலைச் சுத்தமான ஈரத்துணியில் துடைத்தால் போதும். அரிசி களைந்த கைக்கும் துடைப்பதே போதும்.

சமையலின் வரிசையை மாற்றினாலே கழுவும் எண்ணிக்கை நன்றாகக் குறையும். முதலில் காய்கறி, வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிடுங்கள். தேவையான மசாலாவைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். சிக்கனையோ மீனையோ கடைசியில் தொடுங்கள். அதைப் புரட்டிப்போட கைக்குப் பதில் இடுக்கியோ கரண்டியோ பயன்படுத்துங்கள். சிக்கனைத் தொட்டுவிட்டு மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்க ஒரு கழுவல், மறுபடி சிக்கனைத் தொட்டுவிட்டு உப்பு எடுக்க ஒரு கழுவல் என்று ஐந்தாறு முறை சிங்க்குக்கு ஓடுவது இப்படி ஒரே முறையாகச் சுருங்கிவிடும். போனில் ரெசிபி பார்த்துச் சமைப்பவர்கள், திரை அணைந்துபோகாதபடி செட்டிங்கை மாற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தால் இன்னும் இரண்டு மூன்று கழுவல்கள் மிச்சம்.

எந்த சோப்பில் கழுவுறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்: சிங்க்கில் இருக்கும் பாத்திர சோப்பால் கை கழுவுவதை நிறுத்துங்கள். பெரும்பாலான வீடுகளில் கிச்சன் சிங்க் பக்கத்தில் இருப்பது பாத்திர சோப்புக் கட்டியோ டிஷ்வாஷ் லிக்விடோதான். கைக்குத் தனியாக எதுவும் இருக்காது. காய்ந்துபோன எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. தோலில் உள்ள கொழுப்பையும் அதே வேகத்தில் எடுத்துவிடும். மென்மையான ஹேண்ட்வாஷ் பாட்டில் ஒன்றை சிங்க் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

எதை வாங்குவது? இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தியாவில் சோப்பு உறையில் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்கில் 76 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் தரக் குளியல் சோப்பு, 70 என்றால் இரண்டாம் தரம், 60 என்றால் மூன்றாம் தரம். டிஎஃப்எம் அதிகமாக இருந்தால் நல்ல சோப்புதான். ஆனால் வறண்ட கைக்கு அது மட்டும் போதாது. தோலின் இயல்பான பிஎச் 5-ஐ ஒட்டி, லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். உண்மையான சோப்பு எதுவாக இருந்தாலும் அதன் பிஎச் 9 முதல் 10 வரை, காரத்தன்மையோடு இருக்கும். இந்தக் காரமும் தோலின் சுவரைப் பலவீனப்படுத்துகிறது.

அதனால் கை ஏற்கெனவே வறண்டிருந்தால், 'சோப் ஃப்ரீ', 'சின்டெட்', 'பிஎச் 5.5' என்று போட்டிருக்கும், வாசனை சேர்க்காத க்ளென்சர் நல்லது. கிருமிநாசினி சேர்த்த சோப்பு வீட்டுச் சமையலுக்குத் தேவையில்லை. சாதாரண சோப்பே போதும்.

சானிடைசர் போட்டால் இன்னும் வறண்டுவிடும் என்று நினைக்கிறீர்களா? உண்மையில், கிளிசரின் சேர்த்த ஆல்கஹால் சானிடைசர், சோப்புத் தண்ணீரைவிடத் தோலுக்குக் குறைந்த சேதமே செய்யும். உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் சானிடைசர் ஃபார்முலாவிலேயே கிளிசரின் உண்டு. வெடிப்பில் பட்டால் எரியும், அவ்வளவுதான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோ மாவோ இறைச்சிச் சாறோ ஒட்டிய கையில் அது வேலை செய்யாது. அதோடு, அது தீப்பற்றக்கூடியது. எனவே அடுப்படியில் வேண்டாம், ஆபீஸிலும் மெட்ரோவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீர் வரும் ஊரா?

பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ போர்வெல், டேங்கர் தண்ணீரை நம்பியிருக்கும் அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்களா? குழாயில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது என்றால் அது கடின நீர். அதில் கால்சியம், மெக்னீசியம் அதிகம். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 600 வரை அனுமதி. கடின நீரில் சோப்பு முழுதாக அலசிப்போகாமல் தோலில் படிந்து நிற்கும், எரிச்சலைக் கூட்டும். சின்டெட் வகைகள் கடின நீரில் இப்படிப் படிவதில்லை. எதில் கழுவினாலும் விரல் இடுக்குகளை நன்றாக அலசுங்கள்.

டெல்லி, குருகிராம் குளிர்காலத்தில் காற்றே வறண்டிருக்கும். கூடவே கீசர் வெந்நீரும் சேர்ந்தால் கை வெடிப்பது நிச்சயம். வெந்நீரில் கழுவினால்தான் கிருமி போகும் என்பது தவறு. கை தாங்கும் சூட்டில் உள்ள தண்ணீர் எதுவும் கிருமியைக் கொல்லாது. சோப்பு, தேய்ப்பது, அலசுவது ஆகிய மூன்றும்தான் வேலை செய்கின்றன. விறைத்துப்போகாத அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். 20 விநாடி தேய்த்து, அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள், அதற்கு அடியில்தான் சோப்பு தங்கிவிடும்.

பாத்திரம் விளக்க கிளவுஸ் போடலாமா?

கட்டாயம் போடலாம். ஆனால் போடுவதற்கு முறை இருக்கிறது.

1. முழங்கைக்குப் பாதி வரை வரும், கொஞ்சம் தடிமனான வீட்டு உபயோகக் கிளவுஸ் வாங்குங்கள். ரப்பர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நைட்ரைல் அல்லது வினைல் வகை.
2. உள்ளே மெல்லிய காட்டன் கிளவுஸ் போட்டு, அதன் மேல் இதைப் போடுங்கள். இல்லாவிட்டால் வியர்வையிலேயே கை ஊறும்.
3. 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிவிடுங்கள். கிளவுஸுக்குள் வியர்த்து ஊறுவதும் ஈர வேலைதான்.
4. விளிம்பை மடித்துவிடுங்கள். கையை உயர்த்தும்போது தண்ணீர் உள்ளே வழியாது.
5. ஓட்டை விழுந்ததைப் போடாதீர்கள். சோப்புத் தண்ணீர் உள்ளே போய் அடைபட்டால், கிளவுஸே போடாததைவிட மோசம்.
6. எரியும் அடுப்புப் பக்கம் கிளவுஸோடு போகாதீர்கள்.

பாத்திரத்தை முதலிலேயே ஊறப்போட்டுவிட்டால், கம்பி நாரால் அழுத்தித் தேய்க்கும் வேலை குறையும். கம்பி நார் விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். பாத்திர சோப்பு நேராக அந்தக் கீறல்களுக்குள் போகும். கைப்பிடி வைத்த ஸ்க்ரப்பர் அதைவிட நல்லது.

தண்ணீர் மட்டும்தான் குற்றவாளியா?

இல்லை. சமையல் பொருட்களிலேயே சில, தோலைச் சீண்டக்கூடியவை.

பூண்டு: வலது கையால் வெட்டுபவருக்கு இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனிகள் மட்டும் வறண்டு வெடிக்கிறதா? பூண்டைப் பிடிக்கும் விரல்கள் அவை. இது பூண்டு அலர்ஜிக்கு மருத்துவர்கள் பார்த்தவுடன் சந்தேகப்படும் அடையாளம். பூண்டில் உள்ள டைஅல்லைல் டைசல்ஃபைடு என்ற பொருள் சாதாரண ரப்பர் கிளவுஸையும் ஊடுருவும். எனவே கிளவுஸை நம்பாமல், விரல் படாமல் சாப்பரில் போட்டு நறுக்குவது நல்லது.

மிளகாய்: காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மிளகாய் நறுக்கும்போதே கிளவுஸ் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

சேனை, சேப்பங்கிழங்கு, கருணை: இவற்றில் ஊசி மாதிரியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கும் வீட்டு வழக்கத்தைப் பின்பற்றலாம். கிளவுஸ் போட்டால் இன்னும் நல்லது.

எலுமிச்சை: வெடிப்பில் பட்டால் எரிவது ஒருபக்கம். சாறு பட்ட கையோடு கடும் வெயிலில் போனால், சிலருக்குத் தீக்காயம் போலச் சிவந்து, பிறகு கருமையாகத் திட்டு விழும். பிழிந்த பிறகு மறக்காமல் கழுவிவிடுங்கள்.

பச்சை மீன், இறால்: தொட்ட சில நிமிடங்களிலேயே அரிப்பும் தடிப்பும் வந்தால் அது வெறும் வறட்சி அல்ல, அலர்ஜியாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள்.

எந்த க்ரீம், எவ்வளவு, எப்போது?

மாய்ஸ்சரைசரில் மூன்று வேலைகள் செய்யும் பொருட்கள் இருக்கின்றன. கிளிசரின், யூரியா போன்றவை ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன் போன்றவை மேலே மூடிபோட்டு ஈரத்தை வெளியேறவிடாது. செராமைடும் சில எண்ணெய்களும் செங்கல்களுக்கு நடுவில் விழுந்த ஓட்டையை அடைக்கும். இந்த மூன்றில் இரண்டாவது இருக்கும் க்ரீம் நல்லது.

லோஷன், க்ரீம், ஆயின்ட்மென்ட் என்ற வரிசையில் தண்ணீர் குறைந்து, பிசுபிசுப்பு கூடி, பலனும் கூடும். லேப்டாப்பில் வேலை பார்க்கும்போது பிசுபிசுப்பு பிடிக்காது. எனவே பகலில் க்ரீம், இரவில் ஆயின்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசனை சேர்த்தது வேண்டாம். வாசனைப் பொருட்கள் அலர்ஜிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

அளவு? ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு கையின் இரண்டு பக்கத்துக்கும் அது போதும். இரண்டு கைக்கு ஒரு கிராம். ஒரு நாளில் 6 முறை தடவினால் 6 கிராம். 50 கிராம் டியூப் எட்டு நாளில் தீர்ந்துவிடும். கணக்கைப் பார்த்தாலே தெரியும்: விலையுயர்ந்த குட்டி டியூபை வாங்கிச் சிக்கனமாகத் தடவுவதைவிட, விலை குறைந்த பெரிய டப்பாவைத் தாராளமாகத் தடவுவதே பலன் தரும். வாசனையில்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி இதற்கு நன்றாகப் போதும்.

நேரம்? கழுவி ஒற்றி எடுத்ததும், லேசான ஈரம் இருக்கும்போதே. சமைத்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு கழுவலுக்கும் க்ரீம் போட்டால் அது சாப்பாட்டில்தான் போகும். எனவே சமையலுக்கு அரை மணி நேரம் முன்பு ஒருமுறை, பாத்திரம் விளக்கி முடித்ததும் ஒருமுறை, ஆபீஸில் இரண்டு மூன்று முறை, படுக்கும்போது ஒருமுறை. நடுவில் கை ரொம்ப இழுத்தால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். அது உணவில் பட்டாலும் கவலையில்லை.

ஏற்கெனவே வெடித்துவிட்டதா? இரவு வைத்தியம்

1. படுக்கும் முன் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் கையை வையுங்கள். சோப்பு வேண்டாம்.
2. ஒற்றி எடுத்து, பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசுங்கள். விரல் நுனி, முட்டி, நகத்தைச் சுற்றியுள்ள தோல் ஆகியவற்றை விடாதீர்கள்.
3. மேலே காட்டன் கிளவுஸ் போட்டுத் தூங்குங்கள். கிளவுஸ் இல்லையென்றால் சுத்தமான பழைய காட்டன் சாக்ஸ் போதும்.
4. ஆழமான வெடிப்பு இருந்தால் ஜெல்லி வைத்து, மேலே பேண்ட்-எய்ட் ஒட்டுங்கள்.

இந்த ஜெல்லி ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். எனவே அந்தக் கிளவுஸோடு இரவு பால் காய்ச்சக்கூட அடுப்பிடம் போகாதீர்கள்.

வெடிப்பு ஆறும்வரை பிறருக்காகச் சமைக்கும்போது, தண்ணீர் புகாத பேண்டேஜ் ஒட்டி, மேலே ஒருமுறை பயன்படுத்தும் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். சீழ் வைத்திருந்தால் அந்த நாட்களில் சமையலை ரூம்மேட்டிடம் விட்டுவிடுங்கள்.

ஓரிரு வாரத்தில் கை பழையபடி தெரிய ஆரம்பிக்கும். நிறைய பேர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள், மறுபடியும் வெடிக்கிறது. வெளியே சரியாகத் தெரிந்தாலும், தோலின் சுவர் முழு பலத்துக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை க்ரீமும் கிளவுஸும் தொடர வேண்டும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

கடுகெண்ணெய்: வட இந்தியாவில் குளிர்காலத்துக்கு இதைத் தடவச் சொல்வார்கள். ஆனால் அதிலுள்ள காரமான பொருட்கள் சேதமான தோலைச் சீண்டக்கூடியவை. வெடித்த கைக்கு வேண்டாம்.

எலுமிச்சை-சர்க்கரை ஸ்க்ரப்: உரியும் தோலைத் தேய்த்து எடுப்பது, பாதி இடிந்த சுவரை முழுதாக இடிப்பது மாதிரி.

குதிகால் வெடிப்பு க்ரீம்: அதில் யூரியா அதிக அளவில் இருக்கலாம். விரல் வெடிப்பில் பட்டால் கடுமையாக எரியும். கைக்கு 5 முதல் 10 சதவீத யூரியா போதும், அதுவும் திறந்த வெடிப்பு ஆறிய பிறகு.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம்: இதுதான் மிகப் பெரிய தவறு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த க்ரீம்களை 'ஸ்கின் க்ரீம்' என்று சொன்னாலே எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும். உள்ளே இருப்பது பூஞ்சைத் தொற்று என்றால் அது அடையாளம் தெரியாதபடி மாறிப் பரவும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். அதேநேரம், கை எக்ஸிமாவுக்கு டாக்டர் ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்தால் பயப்பட வேண்டாம். சரியான வலிமையில், சொன்ன நாட்களுக்கு மட்டும் போட்டால் அது நல்ல மருந்து.

எப்போது டாக்டரிடம் போகணும்?

• இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகக் கவனித்தும் குறையவில்லை
• ஒரு கையில் மட்டும் வறட்சி, செதில் இருக்கிறது. பாதத்திலும் தோல் உரிகிறது (பூஞ்சையாக இருக்கலாம்)
• விரல் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் ஜவ்வரிசி மாதிரிச் சின்னக் கொப்புளங்கள், கடும் அரிப்பு
• இரவில் அரிப்பு அதிகம், விரல் இடுக்கில் பொரிப்பொரியாக இருக்கிறது, வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கிறது (சிரங்காக இருக்கலாம்)
• நகத்தைச் சுற்றி வீக்கம், வலி, நகம் மேடு பள்ளமாகிறது
• சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல். இது இருந்தால் அன்றே போங்கள்

அலர்ஜி சந்தேகம் இருந்தால் டாக்டர் 'பேட்ச் டெஸ்ட்' சொல்லலாம். சந்தேகப்படும் பொருட்களைச் சின்னச் சின்னதாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, பிறகு மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள். வாசனைப் பொருளா, ரப்பர் கிளவுஸில் சேர்க்கும் ரசாயனமா, நிக்கலா, பூண்டா என்று தெரிந்துவிட்டால் மாதக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். போகும்போது நீங்கள் பயன்படுத்தும் சோப்பு, க்ரீம், கிளவுஸ் எல்லாவற்றின் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் வீட்டில் பாத்திரம் விளக்குபவரின் கை?

சமையலுக்கோ பாத்திரத்துக்கோ உங்கள் ஃப்ளாட்டுக்கு ஒரு அக்கா வருகிறார் என்றால், இதுவரை படித்தது அவருக்குத்தான் அதிகம் பொருந்தும். நீங்கள் ஒரு சிங்க்கில் நிற்கிறீர்கள். அவர் ஒரே காலையில் நாலைந்து வீட்டு சிங்க்கில் நிற்கிறார். கையைக் காட்டி லீவு கேட்டால் சம்பளம் போகும். ரேஷன் கடையில் ஆதார் கைரேகை விழாவிட்டால் அவருக்கு அது வெறும் எரிச்சல் இல்லை, அந்த மாத அரிசியே தள்ளிப்போகலாம்.

அவர் கையைச் சரிசெய்ய உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் உங்கள் வீட்டில் அது மோசமாகாமல் பார்த்துக்கொள்ள முடியும். அவருடைய அளவுக்கு ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கி வையுங்கள், ஓட்டையானதும் மாற்றுங்கள். இரவே பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். கம்பி நாருக்குப் பதில் கைப்பிடி ஸ்க்ரப்பர் வையுங்கள். சிங்க் பக்கத்தில் ஹேண்ட்வாஷும், ஒரு டப்பா வேசலினும், உலர்ந்த துண்டும் இருக்கட்டும். "வேலை முடிஞ்சதும் தடவிக்கோங்க அக்கா, உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், உங்கள் வீட்டுப் பொருள் என்று நினைத்து அவர் அதைத் தொடாமலேயே போய்விடக்கூடும்.